ஹாலா, பெட்ரூமா, பால்கனியா? வீட்டுல தையல் மெஷின் போட எந்த இடம் சரி

தையல் கிளாஸ் முடிச்ச உடனே எல்லாரும் கேக்குறது எந்த மெஷின் வாங்கலாம்னு தான். நான் மதுரைல மூணு வாடகை வீடு மாறி, மூணுலயும் வேற வேற இடத்துல மெஷின் போட்டுத் தைச்சவ, அந்த அனுபவத்துல சொல்றேன், மெஷினுக்கு முன்னாடி இடத்தை முடிவு பண்ணுங்க. இடம்னா எத்தனை அடிக்கு எத்தனை அடிங்கிறது அப்புறம். கை ஜாயின் பண்ணிட்டு இருக்க ப்ளவுஸை ஊசி இறக்கின நிலைமையிலயே விட்டுட்டு, போய் சோறு வடிச்சிட்டு, பிள்ளையை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து, அதே இடத்துல இருந்து தைக்க முடியுமா? முடியும்னா அது நல்ல இடம். ஒவ்வொரு தடவையும் எடுத்து வச்சு மறுபடி பரப்பணும்னா, இருக்க ஒரு மணி நேரத்துல கால் மணி நேரம் அதுக்கே போயிடும், கொஞ்ச நாள்ல மெஷின் மேல துணி மடிச்சு வைக்க ஆரம்பிச்சிருவீங்க. நிறைய வீட்டுல பாத்துட்டேன் இதை.

ஹால் மூலையை எடுத்துக்குவோம். நன்மைன்னு பாத்தா கஸ்டமர் வந்து போறது சுலபம், அளவு ப்ளவுஸ் குடுக்க வர்றவங்க வீட்டுக்குள்ள ரொம்ப தூரம் வர வேண்டாம், ஃபேன் நல்லா வரும், பிள்ளைங்க படிக்கிறதை ஒரு கண்ணால பாத்துக்கிட்டே தைக்கலாம். ஆனா விருந்தாளி வந்தா முதல்ல ஓரம் கட்டுறது நம்ம வேலையைத் தான். டிவி ஓடுற நேரத்துல மோட்டார் சத்தம்னு வீட்டுல ஒரு பேச்சு வரும். எல்லாத்தையும் விட எனக்கு பயம் குண்டூசி தான், ஹால்னா எல்லாரும் வெறுங்காலோட நடக்கிற இடம், தவழுற குழந்தை இருக்க வீட்டுக்கு ஹால் மூலை வேண்டவே வேண்டாம்னு சொல்லிருவேன். வேற வழியே இல்லன்னா ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் வச்சுக்கோங்க, எந்திரிக்கும் போதெல்லாம் தரைல ஒரு தடவை ஓட்டி எடுத்துருங்க.

பெட்ரூம்ல கதவைச் சாத்தி விட்டுட்டுப் போகலாம், அது பெரிய விஷயம். பொம்பளைங்க போட்டுப் பாக்க, நின்னு அளவு குடுக்க மறைவு இருக்கு, கண்ணாடி பதிச்ச பீரோ அங்கயே இருக்கும். கெட்டதுன்னா ராத்திரி. வீட்டுக்காரர் தூங்கணும், குழந்தை தூங்கணும், நமக்கு வேலை ஓடுறது ஒன்பது மணிக்கு மேல தான், தீபாவளிக்கு முந்தின வாரம் கேக்கவே வேண்டாம். அதோட நூல் துண்டும் பிசிறும் மெத்தைல ஒட்டும். வீட்டுல யாருக்காவது வீசிங் இருந்தா படுக்குற ரூம்ல துணி வெட்டாதீங்க, லைனிங் துணி வெட்டும் போது பஞ்சு பறக்குறது ஜன்னல் வெயில்ல பாத்தா கண்ணுக்கே தெரியும்.

மூணாவது மூடின பால்கனி, இல்ல பழைய வீடா இருந்தா வராண்டா. என் ஓட்டு இதுக்குத் தான், ரெண்டு நிபந்தனையோட. மேற்கு பாத்த பால்கனியா இருந்தா மதியத்துக்கு மேல உக்கார முடியாது, வெயில்ல வச்ச கலர் துணி மடிப்போட மடிப்பா வெளுத்துரும், கஸ்டமர் துணி வெளுத்துச்சுன்னா என்ன பதில் சொல்றது? அடுத்து மழை. ஐப்பசி கார்த்திகைல சாரல் அடிக்காத அளவுக்கு மறைப்பு வேணும், ஈரக் காத்துல ஊசியும், அடி நூல் மாட்டுற பாபின் கேஸும் துருப்பிடிக்கும். இந்த ரெண்டும் சரியா இருந்தா வெளிச்சமும் காத்தும் சும்மா கிடைக்குது, சத்தமும் வீட்டுக்குள்ள அவ்வளவா வராது, கஸ்டமரும் வந்து போகலாம், யாரும் நம்ம பொருளைத் தொட மாட்டாங்க. சின்னதா இருக்கேன்னு யோசிக்காதீங்க. மதுரைக்காரங்களுக்கு மீனாட்சி அம்மன் கோயில் எதிர்ல இருக்க புது மண்டபம் டெய்லருங்களைத் தெரியும், திருமலை நாயக்கர் கட்டின மண்டபத்துல தூணுக்கும் தூணுக்கும் நடுவுல மெஷினைப் போட்டு வரிசையா உக்காந்து தைச்சுக்கிட்டு இருந்தாங்க, இப்ப கடைகளை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. சின்ன வயசுல அம்மா கூட அங்க போனப்ப நான் பாத்தது ஞாபகம் இருக்கு, டெய்லர் எந்திரிக்கவே மாட்டார், கத்திரி வலது கைப் பக்கம், நூல் கண்டு தலைக்கு மேல, தைச்சு முடிச்சது இடது பக்கம் விழும். உக்காந்த இடத்துல இருந்து கை எட்டுற தூரம், அவ்வளவு தான் தேவை.

இப்ப மெஷின். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்துல அரசு தர்ற இலவச மெஷின் கைல இருக்கவங்களுக்கு எதை வாங்கறதுங்கற கேள்வியே இல்ல, எங்க வைக்கறதுங்கறது மட்டும் தான். மத்தவங்களுக்கு மூணு வழி இருக்கு. ஸ்டாண்டோட இருக்க கறுப்பு கால் மெஷின், உஷா ஜனோம் மாதிரி தூக்கி வைக்கிற சின்ன எலக்ட்ரிக் மெஷின், ஜூக்கி, ஜாக் மாதிரி கடைல வேகமா தைக்கிற பெரிய பவர் மெஷின்.

கால் மெஷின் டேபிள் சுமாரா 3 அடிக்கு 1½ அடி, நாம உக்கார ஒரு 2½ அடி, ஆக 3 அடிக்கு 4 அடி இருந்தா போதும். மெஷினோட தளமும் டேபிளும் ஒரே மட்டத்துல இருக்கும், அது எவ்வளவு பெரிய வசதின்னு சின்ன மெஷின்ல தைச்சுப் பாத்தப்புறம் தான் எனக்கே புரிஞ்சுது. கரண்ட் போனாலும் வேலை நிக்காது. மோட்டார் மாட்டினாலும் கால் மிதி சக்கரத்தையும் மெஷினையும் இணைக்கிற தோல் பெல்ட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டுறாதீங்க, பத்திரமா வைங்க.

சின்ன மெஷின் ஆறு ஏழு கிலோ தான், இடமே இல்லாத வீட்டுக்கு அது தான் வழி, ஜிக்ஜாக், பட்டன் ஓட்டைன்னு பல தையல் வரும். ஆனா அதை டைனிங் டேபிள் மேல வச்சுத் தைக்கிறவங்க எல்லாரும் ஒரு மாசத்துல கழுத்து வலின்னு சொல்லுவாங்க. காரணம் சிம்பிள், டைனிங் டேபிளே 30 இஞ்ச் உயரம், அதுக்கு மேல மெஷினோட தளம் இன்னும் மூணு நாலு இஞ்ச் ஏறிடுது, தோளைத் தூக்கிக்கிட்டே தைக்க வேண்டியிருக்கும். 26 இஞ்ச் உயரத்துல ஒரு டேபிள் பாருங்க, இல்லன்னா சேர்ல கெட்டியா ஒரு குஷன் போட்டு உக்காருங்க, அப்படி உக்காந்தா பெடல் எட்டாது, பெடலுக்கு அடில ஒரு பலகை வைங்க. இன்னொரு தொல்லை, ஸ்கர்ட்டோ கர்ட்டனோ தைச்சா துணி வெயிட்ல கீழ இழுக்கும், தையல் கோணும். எனக்குத் தெரிஞ்ச ஆசாரி கிட்ட சொல்லி மெஷினோட உயரத்துக்கே மூணு பக்கமும் அணைச்ச மாதிரி ஒரு மரப்பெட்டி செஞ்சு வாங்கினேன், அதுக்கப்புறம் துணி சமமா ஓடுச்சு.

பவர் மெஷின் தினம் அஞ்சு ப்ளவுஸுக்கு மேல தைக்கிறவங்களுக்கு. டேபிளே 4 அடி நீளம், ஒரு தடவை போட்டா நகத்த மாட்டீங்க. மாடி வீடுன்னா கிளட்ச் மோட்டார் வாங்காதீங்க, சுவிட்சைப் போட்டதுல இருந்து நாம தைக்கலைன்னாலும் ஓடிக்கிட்டே கொய்ங்னு சத்தம் குடுக்கும், சர்வோ மோட்டார் நாம மிதிச்சா மட்டும் தான் ஓடும். கால் நாலுக்கும் ரப்பர் போடுங்க, கீழ் வீட்டுக்காரங்களும் நிம்மதியா இருப்பாங்க. வீட்டு மெஷின் ஊசிக்கு தலைப் பக்கம் தட்டையா இருக்கும், பவர் மெஷின் ஊசி உருண்டை, பாபினும் வேற. ரெண்டும் வச்சிருக்கவங்க ஒரே டப்பால போட்டா அவசரத்துல மாத்தி மாட்டிருவீங்க.

கரண்ட் பில் பத்தி பயப்படுறவங்களுக்கு ஒரு கணக்கு. சின்ன மெஷின் 100 வாட்டுக்குள்ள தான், தினம் 4 மணி நேரம் ஓட்டினாலும் ரெண்டு மாசத்துக்கு 24 யூனிட்டைத் தாண்டாது. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் விடாம எரிஞ்சா தினம் அரை மணி நேரத்துக்கே ரெண்டு மாசத்துல 30 யூனிட். அதனால பிளக் பாயிண்ட் பாக்கும் போது மெஷினை விட அயர்ன் பாக்ஸை யோசிங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டையும் ஒண்ணா மாட்டாதீங்க, சுவத்துல இருக்க பாயிண்ட்ல நேரா அயர்ன் பாக்ஸ் மாட்டுற மாதிரி இடம் பாருங்க.

வெட்டுறதுக்கு எங்க போறதுன்னு யாருமே முன்னாடி யோசிக்கிறதில்ல. தரையா டேபிளா? தரைல இடம் தாராளம், நைட்டி, அனார்கலி எல்லாம் முழுசா விரிக்கலாம். ஆனா டைல்ஸ் தரைன்னா ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் கோடு போடுற சாக் குதிக்கும், கை குடைச்சல், அதாவது கை ஜாயின் பண்ற இடத்து வளைவு போடும் போது அந்த இடத்துல கோடு உடையும், கோரைப் பாய் மேல போட்டா கோடு முழுக்க நெளியும். நாலு ப்ளவுஸ் குனிஞ்சு வெட்டிட்டு எந்திரிச்சா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு தான் எந்திரிக்கணும். மெத்தை மேல வெட்டுறது இதை விட மோசம், துணி அமுங்கி ஒரு பக்கம் கால் இஞ்ச் கூடப் போயிரும், ரெண்டு முன்பக்கமும் ஒண்ணா வராது. நான் ரெண்டாவது வீட்டுல அப்படி வெட்டின பட்டு ப்ளவுஸுக்கு வேற துணி வாங்கிக் குடுத்தேன், அதோட மெத்தைல வெட்டுறதை விட்டேன்.

டேபிள்னா 34ல இருந்து 36 இஞ்ச் உயரம், சமையல் மேடையை விட ஒரு ரெண்டு இஞ்ச் தூக்கலா இருந்தா குனியவே வேண்டாம். ப்ளவுஸுக்கும் சுடிதார் டாப்ஸுக்கும் 4 அடிக்கு 2½ அடி போதும். சொந்த வீடுன்னா சுவத்துல கீல் வச்சு மடக்குற பலகை போட்டுருங்க, அதை அடிச்சுக்க எதுவும் இல்ல. வாடகை வீட்டுல ஆணி அடிக்க விட மாட்டாங்க, அதனால நான் அதே அளவுல 18 எம்எம் ப்ளைவுட் ஒண்ணு வெட்டி வாங்கி, மேல பழைய பெட்ஷீட்டை இழுத்துக் கட்டி வச்சிருக்கேன், வெட்டும் போது டைனிங் டேபிள் காலுக்கு அடில மரக்கட்டை குடுத்து தூக்கி மேல போட்டுக்குவேன், வெட்டி முடிச்சதும் பலகை கதவுக்குப் பின்னாடி நிக்கும். வெட்டுறது வாரத்துல ரெண்டு நாள் ஒரே மூச்சா வச்சுக்கிட்டா இது போதும். தைக்கிற இடத்தைத் தான் தினம் கலைக்கக் கூடாது.

வெளிச்சம் சுருக்கமா சொல்றேன். ஊசி நமக்கு முன்னாடி, மெஷினோட உடம்பு வலது பக்கம், அதனால ஜன்னல் இடது கைப் பக்கம் வர்ற மாதிரி உக்காருங்க, பின்னாடி இருந்தா நம்ம நிழலே துணி மேல விழும். ராத்திரிக்கு வெள்ளை எல்ஈடி ட்யூப்லைட் தலைக்கு நேரா, அது போக ஊசி கிட்ட ஒரு சின்ன விளக்கு, கறுப்புத் துணில கறுப்பு நூல் போடும் போது அருமை தெரியும். நூல் கலர் மட்டும் லைட் வெளிச்சத்துல பொருத்தாதீங்க, மயில் கழுத்து கலரெல்லாம் ராத்திரி ஒண்ணாத் தெரியும், பகல்ல வேறயாத் தெரியும்.

நூல் வைக்க சுவர் ஸ்டாண்டா டப்பாவான்னா, தினம் நிறைய தைக்கிறவங்களுக்கு ஸ்டாண்ட், கலர் பட்டுன்னு கண்ல படும். எப்பவாவது தைக்கிறவங்களுக்கு மூடி போட்ட ட்ரான்ஸ்பரன்ட் டப்பா தான், தூசி படிஞ்ச நூலை ஓட்டினா அந்தத் தூசி நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள போய் உக்காந்து தையல் லூசாகும், நாம மெஷின் ரிப்பேர்னு மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்.

கஸ்டமர் துணிக்கு பீரோல அடுக்குறதை விட தொங்க விடுறது தான் சரி. அடுக்கி வச்சிருந்த காலத்துல ஒருத்தங்க லைனிங் இன்னொருத்தங்க துணியோட போயிருச்சு, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி தெரு முழுக்க தேடி அலைஞ்சேன். இப்ப ஆளுக்கு ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள துணி, லைனிங், அளவு ப்ளவுஸ், ஃபால்ஸ் எல்லாம் ஒண்ணா, வெளில பேரும் குடுக்க வேண்டிய தேதியும் எழுதி குண்டூசில குத்தின சீட்டு, பால்கனி கம்பில கொக்கி போட்டு தேதி வரிசையா தொங்குது. பட்டுத் துணியை பிளாஸ்டிக் கவர்ல விடாதீங்க, வேர்த்து ஜரிகை கறுத்துரும், துணிப்பை தான் அதுக்கு நல்லது.

எந்த இடம்னு இன்னும் முடிவு வரலைன்னா மெஷினை இறக்குறதுக்கு முன்னாடி டெய்லர் சாக்கால தரைல 3 அடிக்கு 4 அடி கட்டம் போடுங்க. அதுக்குள்ள ஒரு சேர் போட்டு காலைல பத்து மணிக்கு ஒரு தடவை, மதியம் மூணு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை உக்காந்து வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. கதவு முழுசா திறக்குதா, பீரோ கதவு இடிக்குதா, வீட்டுல இருக்கவங்க எத்தனை தடவை அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போறாங்கன்னு ஒரு நாள் கவனிங்க. அடிக்கடி தாண்டுனாங்கன்னா கோட்டை அழிச்சிட்டு அடுத்த இடத்துல போட்டுப் பாருங்க.