திருச்சியிலிருந்து கோலாலம்பூர் பேக்கேஜ் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் அம்மா, சித்தி, என் மனைவி, நான் என நாலு பேர் கோலாலம்பூர் போய்வந்தோம். திருச்சியில் உள்ள ஒரு டிராவல்ஸில் எடுத்த பேக்கேஜ். நாலு ராத்திரி, விமான டிக்கெட்டோடு தலைக்கு 46,000 ரூபாய். புகார் கொடுத்திருப்பதால் அவர்கள் பெயரை எழுதவில்லை. ஆனால் எங்கே எப்படிப் பணம் பிடுங்கினார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன். அடுத்து அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் யாராவது தப்பித்தால் சரி.

முதலில் விசா. 46,000 போக, ‘விசா மற்றும் வருகைப் பதிவுக் கட்டணம்’ என்று தலைக்கு 4,500 வாங்கினார்கள். நாலு பேருக்கு 18,000. எங்கள் மச்சான் பல வருடம் முன்னால் விசா எடுத்துத்தான் போனார், அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலேயே மலேசியாவுக்குச் சுற்றுலா போகலாம். டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்று மட்டும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் இடம் இவ்வளவுதான் கேட்பார்கள். ஒரு பைசா கட்டணம் கிடையாது. இதை எனக்குச் சொன்னவர், அங்கே குடிநுழைவு வரிசையில் முன்னால் நின்ற புதுக்கோட்டைத் தம்பி ஒருவர். வீட்டில் உட்கார்ந்து போனிலேயே நிரப்பினேன் என்றார். அந்த இடத்தில் நான் பேசாமல் நின்றேன், அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது சுற்றுலா வரி. வெளிநாட்டவர் தங்கினால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு பத்து வெள்ளி வரி உண்டு, அது உண்மை. மலேசியப் பணமான ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் எடுத்தது இரண்டு அறை, நாலு ராத்திரி, ஆக 80 வெள்ளி. வேனில் வந்த வழிகாட்டி ‘தலைக்கு பத்து’ என்று 160 வெள்ளி வாங்கிக்கொண்டார். ஓட்டல் கவுண்டரில் திரும்ப 80 கேட்டார்கள். வரி அறைக்குத்தான், தலைக்கு இல்லை, நேராக எங்களிடம் கட்டினால் போதும் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. வேனில் கொடுத்த 160க்கு ரசீதும் இல்லை.

திங்கட்கிழமை நகர்வலம். பேக்கேஜ் தாளில் ‘இரட்டைக் கோபுரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 452 மீட்டர் உயரம், 88 மாடி, 41ஆவது மாடியில் இரண்டு கோபுரத்தையும் இணைக்கும் பாலம். அந்தப் பாலத்தில் நடக்கலாம் என்று சித்தி ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். வேன் ரோட்டோரம் நின்றது. பத்து நிமிடம், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மேலே போகவில்லையா என்று கேட்டால், திங்கட்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை என்று பதில். அது நிஜம்தான். ஆனால் எங்கள் பயணத் தேதியைப் போட்டு, திங்கட்கிழமைக்கு அந்த இடத்தை எழுதியவர்கள் அவர்கள்தானே? தாளில் ‘கோபுரம்’ என்றுதான் இருக்கிறது, ‘உள்ளே’ என்று இல்லையே என்று திருச்சியிலிருந்து போனில் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு இடத்துக்கும் உள்ளே போகும் டிக்கெட் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது.

இதெல்லாம் பணம், போகட்டும். செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அம்மாவின் தாத்தா அந்தக் காலத்தில் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் பழனி என்று சொல்வதுபோல பத்துமலை என்று சொல்வார்கள். இரண்டு வருடம் முன்னால் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோது, பத்துமலைப் படியேறி வருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டார். இந்தப் பயணமே அதற்காகத்தான். டிராவல்ஸில் பணம் கட்டும்போதே இதைச் சொல்லியிருந்தேன்.

வேன் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி, நல்ல வெயில். 40 நிமிடத்தில் வேனுக்குத் திரும்ப வேண்டும், கெந்திங் மலையில் கேபிள் காருக்கு நேரமாகிவிடும் என்றார் வழிகாட்டி. 272 படி. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. நாற்பது நிமிடத்தில் ஏறி, சாமி கும்பிட்டு, இறங்க முடியுமா? முப்பது படி ஏறியதும் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்து நின்று மேலே பார்த்தார், கீழே வேனைப் பார்த்தார். சரி வா, போகலாம் என்று இறங்கிவிட்டார். 140 அடி முருகன் காலடியில் கற்பூரம் கூட ஏற்றாமல் வந்தோம். இதற்கு ‘கோயில் நுழைவு’ என்று தலைக்கு 15 வெள்ளி வேறு. கீழே இராமாயண குகைக்குத் தனிக் கட்டணம் உண்டு, அங்கே நாங்கள் போகவே இல்லை. படியேறி முருகனைப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை.

திரும்பி வரும் வழியில் ஒரு சாக்லேட் கடையில் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினார்கள். ஆமாம், முருகனுக்கு 40 நிமிடம், சாக்லேட்டுக்கு 75 நிமிடம். கதவை அடைத்து விலை சொன்னார்கள், வாங்காதவர்களை முறைத்தார்கள். அதற்கப்புறம் ஒரு பாட்டிக் துணிக் கடை, ஒரு தைலக் கடை.

அன்று ராத்திரி வழிகாட்டியிடம் கேட்டுவிட்டேன். அவரும் தமிழ்ப் பையன், செந்தூலில் வீடு. தலை குனிந்தபடி சொன்னார்: “அண்ணே, எனக்குச் சம்பளம்னு பெருசா ஒண்ணும் இல்ல. கடைல நீங்க வாங்குறதுல வர்ற கமிஷன்தான். கடைக்குக் கூட்டிட்டுப் போகலன்னா நாளைக்கு எனக்கு வண்டி இல்ல.” அவர் மேல் எனக்குக் கோபம் குறைந்தது. எங்களிடம் வாங்கிய பணத்தில் அவருக்கு ஒழுங்காகக் கூலி கொடுக்காதவர்கள்தான் காரணம்.

புதன்கிழமை வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்த ஒரு நாள்தான் நாங்கள் கோலாலம்பூரைப் பார்த்த நாள்.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் ஏறினோம். பத்துமலைக்குத் தலைக்கு மூன்று வெள்ளி கூட ஆகவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே கோயில். காலை எட்டரைக்கு வெயில் ஏறவில்லை. பூ விற்கும் அம்மா ஒருவர், எந்த ஊர் என்று கேட்டு, “அவசரப்படாதீங்கம்மா, முருகன் எங்கயும் போயிட மாட்டாரு லா” என்று சொல்லி மாலையைக் கையில் கொடுத்தார். இருபது படிக்கு ஒரு முறை உட்கார்ந்து, குரங்குக்குப் பயந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிட்டார். குகைக்குள் மேலே திறந்த இடத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது பாருங்கள், அதற்குக் கீழே நின்று அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினார். இரண்டு பேரும் பேசவே இல்லை.

மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. அப்புறம் எல்ஆர்டி என்ற நகர ரயிலில் பசார் செனி ஸ்டேஷனில் இறங்கி, 1873இல் தம்புசாமிப் பிள்ளை கட்டிய மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குக் கிளம்புகிறது. அதே ரயிலில், இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி. ஓட்டுநர் இல்லாத ரயில் என்று சொன்னதும் சித்தி முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார், இறங்க மனசே இல்லை. இருட்டியதும் கோபுரத்துக்குக் கீழே பூங்காவில் உட்கார்ந்து நீரூற்றைப் பார்த்தோம். மலாய்க் குடும்பங்கள், சீனக் குழந்தைகள், எங்களைப் போல இட்லி மாவு பற்றிப் பேசுகிற தமிழ்ப் பெண்கள், எல்லோரும் ஒரே புல்தரையில். அன்று முழுக்க நாலு பேருக்கும் ரயிலுக்குச் செலவான மொத்தம், சாக்லேட் கடையில் ஒரு டப்பாவுக்குக் கேட்ட விலையை விடக் குறைவு.

ஊர் வந்ததும் ரசீதுகளோடு டிராவல்ஸுக்குப் போனேன். விசாப் பணம் எதற்கு என்றால் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். பத்து நாளில் அவர்களே கூப்பிட்டு, 6,000 தருகிறோம், இனிமேல் புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. 18,000 ரூபாயும் வர வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி ‘வருகைப் பதிவுக் கட்டணம்’ கொடுத்தவர்கள் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் இருந்தால், ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.