பிரேக் பேட் டப்பாவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய காருக்கு பிரேக் பேடும் டிஸ்க்கும் நீங்களே வாங்கி வீட்டிலேயே மாட்டுகிறவர் என்றால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையில் எனக்கு டூப்ளிகேட்டைத் தலையில் கட்டினார்கள் என்பது பாதிக் கதைதான். அதற்கப்புறம் "நீங்களே மாட்டுனீங்களா சார்?" என்று ஒரு கேள்வியைக் கேட்டு மொத்தப் பழியையும் என் பக்கம் தள்ளினார்கள் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வண்டி 2010 மாடல் ஸ்விஃப்ட். முன்பக்க பேடில் 3 மி.மீ. கூட மிச்சமில்லை. டிஸ்க்கின் தடிமனும், அதன் மேலேயே பொறித்திருக்கிற குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டது, லேத்தில் கடையக்கூட வழியில்லை. அதனால் இரண்டையும் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. நேர்மையாக வியாபாரம் பார்க்கிறவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள், அவர்களைச் சேர்த்துத் திட்டவும் மனமில்லை.

பெயர்பெற்ற கம்பெனி டப்பாவில் பேட், அதே பெயரில் டிஸ்க் ஜோடி, மொத்தம் 4,600 ரூபாய். டூப்ளிகேட் என்றால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே எம்.ஆர்.பி.யிலிருந்து சில நூறு ரூபாய்தான் குறைத்தார்கள், பிறகு எப்படிச் சந்தேகம் வரும்? பில் கேட்டேன். "சிஸ்டம் ஓடல சார், எஸ்டிமேட் வச்சுக்கோங்க, பில்லு வாட்ஸ்அப்புல அனுப்பிடுறேன்" என்றார். அந்தச் சீட்டில் கடையின் பெயரும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. பில் இன்றுவரை வரவில்லை.

மாட்டுகிற வேலையை ஒழுங்காகவே செய்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட்டு, ஹப் முகத்தில் (டிஸ்க் போய் உட்காருகிற இடம்) இருந்த துருவை வயர் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து எடுத்து (இதைச் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டினால் நல்ல டிஸ்க்கும் ஆடும்), டிஸ்க்கில் பூசி வருகிற எண்ணெயைக் கிளீனர் அடித்துத் துடைத்து, காலிபர் (பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற பாகம்) பின்களுக்குப் புது கிரீஸ் வைத்து, அதன் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினேன். பேடுதான் தகராறு செய்தது. நல்ல பேட் பிராக்கெட்டில் கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு உட்காரும், இது காது பக்கம் (தகட்டின் இரண்டு ஓரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கிற முனை) இறுகி நின்றது. கடைக்குப் போன் போட்டால், "பெயின்ட் திக்கா இருக்கும் சார், லேசா ராவி விடுங்க, எல்லாரும் அதான் பண்றாங்க" என்றார். பெயின்ட்டை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து உட்காரவைத்தேன். இந்தப் போன் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை ஏற்றி, இறக்கி, நடுநடுவே ஆறவிட்டு பேடைப் பழக்கியும் ஆயிற்று. சில வாரங்கள் கழித்து நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறிப் போகும்போது, டோல்கேட்டுக்கு முன்னால் 80-லிருந்து பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை, அப்படி ஒரு உதறல். கருகின வாடை வேறு. நல்லவேளை முன்னால் லாரி எதுவும் இல்லை.

வீட்டுக்கு மெதுவாக ஓட்டி வந்து வீலைக் கழற்றினால், இடது பக்க உள்பேடில் (டிஸ்க்குக்கு உள்பக்கம் இருக்கிற பேட்) உராய்வுப் பகுதி ஓரத்தில் விரிசல் விட்டு, இரும்புத் தகட்டிலிருந்து பிளேடு நுழைகிற அளவுக்குப் பிரிந்து நின்றது. அது முழுசாகக் கழன்றிருந்தால் அடுத்த மிதியில் இரும்பும் இரும்பும்தான் உரசியிருக்கும். தகட்டின் கறுப்புப் பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் பழைய துரு. துருவை எடுக்காமலே பசை தடவி ஒட்டினால் எங்கிருந்து பிடிக்கும்? டிஸ்க்குகளைத் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்தேன். வண்டியில் இல்லாமல் தனியாக மெஷினில் கட்டி டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். சுற்றும்போது 0.1 மி.மீ.க்குள் இருக்கவேண்டிய ஆட்டம் ஒரு டிஸ்க்கில் 0.25-ஐத் தாண்டியது. "தம்பி, இது வார்ப்புலயே கோளாறு, உன் ஹப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். குறைந்தபட்சத் தடிமன் எங்கே பொறித்திருக்கிறது என்று அவரும் தேடிப் பார்த்தார், இல்லவே இல்லை.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் அதே ஆள், "நீங்களே மாட்டுனீங்களா?" ஆமாம் என்றதும் வரிசையாகத் தொடங்கினார். ஹப் சரியில்லையாம், போல்ட்டைச் சமமாக முடுக்கவில்லையாம். கடைசியில் பேடின் காதைத் திருப்பிக் காட்டி, "ராவியிருக்கீங்களே சார், ராவின பீஸுக்கு வாரன்டி எப்படித் தருவான் கம்பெனி?" ராவச் சொன்னதே அவர்தான். சொன்னது போனில், நானும் ரெக்கார்டு செய்யவில்லை, அவருக்கும் சுத்தமாக ஞாபகமில்லை. வேண்டுமானால் அதே ரகத்தில் வேறு ஜோடி தருகிறேன் என்றார். எதற்கு, இன்னொரு தடவை டோல்கேட்டில் உதறவா?

டப்பாவின் படங்களை பேட் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு அனுப்பினேன். இது எங்கள் பேக்கிங்கே இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. அதற்குப் பிறகு டப்பாவை நிதானமாகப் பார்த்தால், எம்.ஆர்.பி. ஸ்டிக்கரில் விலை மட்டும்தான் இருக்கிறது. பாக்கெட் போட்டு விற்கிற பொருளில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம் எல்லாம் சட்டப்படி இருக்கவேண்டும். பேட் தகட்டில் எண் பொறிக்கப்படவில்லை, ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்டினால் வந்துவிடுகிறது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கம்பெனி வெப்சைட்டின் முகப்புப் பக்கம் திறக்கிறதே தவிர அந்த டப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் வாங்கும்போது கவுண்டரிலேயே டப்பாவைப் பிரித்து இவ்வளவையும் பாருங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கைக்கு வராமல் ஜிபே செய்யாதீர்கள். மாட்டும்போது பேட் இறுகினால் போனில் கேட்காதீர்கள், படத்தோடு வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதிலும் அதிலேயே வரட்டும். மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் மாட்டினால் எந்த உரிமையும் கிடையாது என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். போலிப் பொருள் யார் கையால் மாட்டினாலும் போலிதான், வணிகச் சின்னச் சட்டம் 1999-இன்படி அதை விற்பதே குற்றம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். கடை பதில் சொல்லவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். பணம் கொடுத்ததற்கு ஜிபே பதிவு இருக்கிறது, கம்பெனியின் பதில் இருக்கிறது, லேத் பட்டறைக்காரரும் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். எண்ணை ஸ்டிக்கராக ஒட்டின இதே மாதிரி பேட் உங்கள் வண்டியில் இருந்தால் வீலைக் கழற்றி உள்பேடைப் பாருங்கள். வெளிப்பேட் எனக்குக் கடைசிவரை நன்றாகத்தான் தெரிந்தது.