பாட்டு எந்த வழியாகப் போகிறது: ஃபோனும் டாக்குமா, ஆண்ட்ராய்டு பிளேயரா?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. சென்ற கோடையில் ஓர் இரவு தங்கை மகன் தன் புதிய யுஎஸ்பி டாக்கைக் கொண்டுவந்து காட்டினான். டாக் (DAC) என்பது டிஜிட்டல் ஒலியை இயர்ஃபோனுக்கான மின்னலையாக மாற்றும் கருவி. கட்டைவிரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு. ஒரு முனை ஃபோனில், மறுமுனை இயர்ஃபோனில், நடுவே நகத்தளவு திரை. சிடி காலத்து நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை ஸ்ட்ரீமிங் செயலியில் ஓடவிட்டான். செயலி ‘லாஸ்லெஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ்’ என்றது. லாஸ்லெஸ் என்றால் எதையும் இழக்காத ஒலி. டாக்கின் திரையில் 48 என்று எரிந்தது. அடுத்த பாட்டுக்கும் 48. அதற்கடுத்ததற்கும் 48.

“மாமா, லாஸ்லெஸுக்கென்று சந்தா கட்டியது வீணா?” என்று கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்வதற்காக அவனுடைய ஃபோன்-டாக் ஜோடியையும் பாட்டுக் கேட்பதற்கென்றே உள்ள என்னுடைய ஆண்ட்ராய்டு பிளேயரையும் இரண்டு மாதம் மாற்றி மாற்றிக் கேட்டேன். எழுத வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது.

முதலில், அந்த 48 எங்கிருந்து வந்தது? 1982-ல் வந்த சிடி, ஒலியை வினாடிக்கு 44,100 மாதிரிகளாக வைத்திருக்கிறது; அதுதான் 44.1 கிலோஹெர்ட்ஸ். வீடியோ உலகம் 48,000 என்று வேறு கணக்கில் போயிற்று. ஆண்ட்ராய்டில் பாட்டு, குறுஞ்செய்தி மணி, வரைபடச் செயலியின் குரல் எல்லாம் ஆடியோஃப்ளிங்கர் என்ற ஒரே கலவைப் பகுதிக்குள் வந்து ஒன்றாகச் சேர்ந்து வெளியேறுகின்றன. சேர வேண்டுமானால் எல்லாம் ஒரே வீதத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான ஃபோன்களில் அந்த வீதம் 48,000. அதனால் சிடி வீதத்தில் வரும் ஒவ்வொரு பாட்டும் அங்கே புதிதாகக் கணக்கிடப்படுகிறது. இதுதான் ரீசாம்பிளிங்.

கணக்கிடாமல் அப்படியே வேகமாகத் தள்ளினால் என்ன ஆகும்? ஒரு கட்டை சுருதியில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ போய் நிற்கும். எந்தக் காதும் தாங்காது. ஆகவே 147 மாதிரிகள் உள்ளே போனால் 160 மாதிரிகள் வெளியே வருமாறு மென்பொருள் இடைமதிப்புகளைக் கண்டுபிடிக்கிறது. அந்த 160-ல் ஒன்றுதான் மூல மாதிரியின் நேரத்தோடு பொருந்தும். மற்ற 159-ம் கணக்குப் போட்டு எடுத்தவை.

கேட்கவே பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில் பக்கத்துப் பக்கத்து மாதிரிகள் இரண்டுக்கு நடுவே நேர்கோடு இழுத்து மதிப்பெடுக்கும் எளிய முறை இருந்தது. இன்றைய முறை பல மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்து, வடிகட்டி, பிறகு மதிப்பெடுக்கிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய மலிவு விலைப் பிளேயர் ஒன்றில் நாதஸ்வரம் நன்றாகவே கேட்டது. கூட வரும் வெண்கலத் தாளம் மட்டும் மணல் கொட்டியதுபோல் நொறுங்கிக் கேட்டது. தாளத்தின் ‘ணங்’ என்ற வால் நீண்டு அடங்காமல் சரசரத்து அறுந்தது. அதே கோப்பை வேறு கருவியில் போட்டால் வால் முழுதாக இருந்தது. அந்தப் பிளேயரின் அட்டைப்பெட்டியில் உயர்தர ஒலி என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

தங்கை மகனின் ஃபோன் புதியது. ஒலியளவைச் சமமாக வைத்துக்கொண்டு, என் பிளேயரில் 44.1 மாறாமல் வருவதையும் அவன் ஃபோனில் 48 ஆகி வருவதையும் அவன் மாற்றி மாற்றிக் கொடுக்க, நான் திரையைப் பார்க்காமல் கேட்டுச் சொன்னேன். பாதிக்குப் பாதிதான் சரியாக வந்தது. பூவா தலையா போட்டிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும். ஆகவே சந்தா வீண் இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன். (ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். சற்றே உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.)

அப்படியானால் பிளேயர் எதற்கு?

ஃபியோ (FiiO), ஹைபை (HiBy) போன்ற நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு பிளேயர்களில் இயங்குதளத்தையே திருத்தி, எந்தச் செயலி பாடினாலும் கலவைப் பகுதியின் வீத மாற்றத்தைத் தாண்டிப் போகும்படி செய்திருக்கிறார்கள். என் பிளேயரும் அந்த வகைதான். ஆப்பிள் மியூசிக்கில் 44.1 பாட்டு வந்தால் 44.1, 96 வந்தால் 96, 192 வந்தால் 192. ஃபோனில் இவை அனைத்தும் 48-க்குள் அடங்கிவிடும். உயர் வீதப் பாட்டுக்குத் தரவும் இடமும் செலவழித்துவிட்டு வாசலில் பாதியைக் கொட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. காதுக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி; பதிவு செய்தவர் தந்ததை மாற்றாமல் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. தவிர, ஃபோன்களில் சொல்லாமலே விழித்திருக்கும் ஒலி மெருகூட்டிகள் ரீசாம்பிளிங்கைவிட அதிகமாகப் பாட்டைக் கெடுக்கின்றன. ஃபோன்தான் என்று முடிவு செய்தவர்கள் முதலில் அமைப்புகளுக்குள் போய் அவற்றை அணைத்துவிடுங்கள்.

பிளேயருக்கும் குறை உண்டு. பெரும்பாலும் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பிலேயே தங்கிவிடுகிறது. ஒரு நாள் ஸ்ட்ரீமிங் செயலி இனிப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிடும். பையில் கனக்கும். மே மாத வேலூர் வெயிலில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டால் கை சுடும். ராணிப்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில், எஞ்சின் இரைச்சலில், இந்த ஒப்பீடு முழுவதும் அர்த்தமற்றது. அந்தப் பயணத்துக்கு ஃபோனே போதும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற செயலி, ஆண்ட்ராய்டைக் கேட்காமல் தன் சொந்த இயக்கியால் (டிரைவர்) டாக்குடன் நேரே பேசுகிறது. தங்கை மகன் ஃபோனில் அதை நிறுவியதும் டாக்கின் திரை 48-ஐ விட்டு 44.1-க்கு இறங்கியது, அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அது ஆதரிக்கும் டைடல், கோபஸ் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் இரண்டும் இந்தியாவில் சேவை தருவதில்லை. நாம் சந்தா கட்டும் ஆப்பிள் மியூசிக்கும் ஸ்பாட்டிஃபையும் அதற்குள் வருவதில்லை. சொந்தக் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி வேறு கிடையாது. ஓர் எச்சரிக்கை: சில டாக்குகளில் இந்த வழியில் ஒலியளவுப் பொத்தான் வேலை செய்யாது, பாட்டு முழு உரத்தில் பாயும். எனக்கு ஒரு முறை அப்படி ஆகி, மாலை வரை காதில் ரீங்காரம் நிற்கவில்லை. இயர்ஃபோனைக் காதில் வைக்கும் முன் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு 14-ல் யுஎஸ்பி டாக்குக்கு மாதிரிகளை மாற்றாமல் அனுப்பும் வசதியைக் கூகுள் சேர்த்திருக்கிறது. செயலியும் ஃபோன் தயாரிப்பாளரும் சேர்ந்து கைகொடுத்தால்தான் அது பலிக்கும். புளூடூத்தில் கேட்பவர்கள் இந்தக் கவலையை விட்டுவிடலாம். அங்கே ஒலி மறுபடியும் சுருக்கப்படுவதுதான் பெரிய இழப்பு.

48 என்ற எண் மேல் எனக்குக் கோபம் இல்லை. வட ஆற்காட்டுப் பக்கம் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடிய உட்கார்ந்து கைப்பதிவுக் கருவியில் எடுத்தவை என்னிடம் இருக்கின்றன. முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், தாளம் எல்லாம் 48-லேயே பதிந்தவை. சாதாரண ஃபோனிலும் வீதம் மாறாமல் வருகின்றன. யூடியூப் பயன்படுத்தும் ஓபஸ் வடிவமும் 48-க்கே விரிகிறது, ஆனால் அது சுருக்கப்பட்ட ஒலி. 2025-ல் வந்த ஸ்பாட்டிஃபை லாஸ்லெஸ் 44.1-ல் இருக்கிறது, ஃபோனில் ரீசாம்பிளிங் ஆகும், ஆனாலும் கேட்க ஓபஸைவிட மேல் என்பேன். ரீசாம்பிளிங் இல்லை என்பது ஒன்றே தரத்துக்குச் சான்று ஆகிவிடாது.

தங்கை மகன் டாக்கை வைத்துக்கொண்டான். பிளேயருக்கு இப்போதைக்குப் பணம் போட வேண்டாம் என்று நானே சொன்னேன். வாங்கியே தீருவேன் என்பவர்கள், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் ஒன்று செய்யுங்கள். ஒரே ஸ்ட்ரீமிங் செயலியில் 44.1 பாட்டு ஒன்றையும் 96 பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, கருவி காட்டும் வெளியீட்டு வீதத்தைப் பாருங்கள். எண் அசையவில்லை என்றால் பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பிவிடுங்கள்.