வால்வு போனோ ப்ரீ-ஆம்ப்: நல்ல பாட்டும் ராத்திரி எட்டு மணி இரைச்சலும்

ரெக்கார்டு பிளேயரின் ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்குகிற பெட்டிதான் போனோ ப்ரீ-ஆம்ப். வால்வு வைத்த ஒன்றின் விலை குறைந்ததும் குளச்சலிலிருந்து ஒருவர் கேட்டார்: "மக்கா, இப்ப வாங்கட்டா?" இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வு, 40 டெசிபல் பெருக்கம், எம்எம் (அசையும் காந்தம்) வகை கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது ஊசித் தலைக்கு மட்டும். இந்த வகைப் பெட்டியைப் பற்றி இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். தயாரிப்பாளர் பெயரையும் எழுதப் போவதில்லை. கீழே சொல்லும் குறை இந்த விலையில் கிடைக்கும் பல பெட்டிகளுக்குப் பொது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. பழைய ஏழு அங்குல சினிமா ரெக்கார்டுகள், கீறலும் தூசியும் அப்பியவை, இதில் ஓடுகிற அழகு தனி. ஊசி ஒரு கீறலில் ஏறி இறங்கும்போது பாட்டின் அளவைவிடப் பல மடங்கு பெரிய மின்துடிப்பு வரும். 5 வோல்ட் சப்ளையில் ஓடுகிற மலிவுப் பெட்டி அந்த இடத்தில் தலைமுட்டி நிற்கும்; மீண்டுவர எடுக்கும் நேரத்தில் சின்ன "டிக்", "டப்" என்று தடித்துவிடும். இங்கே வால்வின் ஆனோடு (பெருகிய சிக்னல் வெளிவரும் முனை) பக்கம் சுமார் 280 வோல்ட் இருப்பதால் அதே துடிப்பு தாராளமாகப் போய்வர இடம் உண்டு. கீறல் சத்தம் கேட்கத்தான் செய்யும், ஆனால் பாட்டைக் கெடுக்காது. நாகஸ்வரத்தின் கார்வையும் தவிலின் வலந்தலையும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் நிற்கின்றன. அமைதியான இடங்களில் மெல்லிய "ஸ்ஸ்" இருக்கும். வால்வுக்குப் பதில் சிப் வைத்த நல்ல ஐசி ப்ரீ-ஆம்பில் அது குறைவு. எனக்கு அது பொருட்டில்லை.

இனி எரிச்சல். மதியம் கேட்டால் சுத்தம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அடியில் ஒரு "ங்ங்ங்" ஏறிக்கொள்ளும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் தானாகப் போய்விடும். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "எர்த்தைப் பாருங்க." எர்த்தில் ஒன்றும் இல்லை.

50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். டர்ன்டேபிளின் எர்த் ஒயர் கழன்றிருந்தாலோ, கேபிள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கிடந்தாலோ வருவது 50: கனத்த "ம்ம்ம்". ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பிறகு வடிகட்டாமல் தப்பி வருவது 100: ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கூர்மையாக. காது நம்பாவிட்டால் போனில் ஏதாவது ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப்பை வைத்து ஸ்பீக்கர் முன் பிடித்தால் எது என்று தெரிந்துவிடும். அடுத்து, ஒரு ஆர்சிஏ பிளக்கின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் சேர்த்துச் சால்டர் வைத்து, அப்படி இரண்டு செய்து இன்புட்டில் செருகுங்கள். இரைச்சல் போனால் குற்றம் வெளியே. போகாவிட்டால் பெட்டிக்குள்ளே. இங்கே 100, பிளக் செருகியும் போகவில்லை.

காரணம் வால்வைச் சூடாக்கும் இழையின், அதாவது ஃபிலமென்டின் சப்ளை. இரண்டு வால்வுக்கும் 12.6 வோல்ட், தலா 150 மில்லி ஆம்பியர், ஆக 300. டிரான்ஸ்ஃபார்மரில் அதற்கான கம்பிச்சுற்று 12 வோல்ட். 230 வோல்ட் வரும்போது அதன் உச்சம் சுமார் 17; சாதாரண டயோடு பிரிட்ஜ் 1.4 தின்றால் 15.6. 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஏற்ற இறக்கம் 0.6 வோல்ட், அதனால் பள்ளத்தில் 15 மிச்சம். வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் எல்எம்317 ரெகுலேட்டர் 12.6 தர வேண்டுமானால் உள்ளே ஏறத்தாழ 14.4 வேண்டும். கையில் மிஞ்சுவது அரை வோல்ட் சொச்சம்! வீட்டில் மின்சாரம் 220க்குக் கீழே இறங்கியதும் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும்; பள்ளம் அப்படியே ஃபிலமென்டுக்குப் போய், அங்கிருந்து அது சூடாக்கும் கேதோடு முனையில் கசிந்து பாட்டோடு கலக்கும். ரெக்கார்டில் குறைத்துப் பதித்த கீழ்ச்சுருதியைத் திரும்பத் தூக்கும் ஆர்ஐஏஏ சமன்படுத்தல் 1 கிலோஹெர்ட்ஸைவிட 100 ஹெர்ட்ஸை 13 டெசிபல், அதாவது நாலரை மடங்கு கூடுதலாகத் தூக்கும். கார்ட்ரிட்ஜ் தருவதே நாலைந்து மில்லிவோல்ட். பிறகு ஏன் கேட்காது?

நம் குமரி மாவட்டத்தில் லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் ராத்திரி எட்டு மணிக்கு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகள் கண்ணுக்கு எட்டிய தூரம் சுற்றிக்கொண்டிருக்கும், இங்கே 205 காட்டும். 230ஐ மட்டும் நம்பிக் கணக்குப் போட்டவர் ஒரு தடவையாவது ஒரு கிராமத்து வீட்டில் பெட்டியைச் செருகிப் பார்த்திருக்கலாம். 15 வோல்ட் சுற்று வைத்திருந்தால் இந்த எளவே இல்லை. செம்புக் கம்பி கொஞ்சம் கூட ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

திறந்து சரிசெய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 280 வோல்ட் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் குறுக்கே பிடித்து இறக்கி, மீட்டரில் 10க்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் விசாரித்தால் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

மாற்ற வேண்டியவை மூன்று. பிரிட்ஜில் 1என்5822 ஷாட்கி டயோடு நாலு. இழப்பு பாதியாகக் குறையும். கெப்பாசிட்டர் 10,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். எல்எம்317க்குப் பதில் எல்டி1085. கால்களின் வரிசை ஒன்றேதான், ஆனால் அவுட்புட்டில் 22 மைக்ரோஃபாரட் டாண்டலம் வைக்காவிட்டால் அது அலைபாயும். காகிதக் கணக்கில் இப்போது 200 வோல்ட் வரை தாங்க வேண்டும். 205இல் வால்வின் 4, 5 கால்களுக்கு நடுவே 12.6 அசையாமல் நிற்கிறது, சத்தமும் இல்லை. ஸ்டெபிலைசர் போட்டால் போதாதா என்றால், ரிலே வகையில் ஒவ்வொரு தடவை ரிலே மாறும்போதும் ஸ்பீக்கரில் "டப்" வரும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இதை ஓட்டவே வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மரே முனகும்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி உப்புக்காற்றில் வெள்ளீயம் பூசிய வால்வு சாக்கெட் சீக்கிரம் கறுக்கும். ஒரு பக்கம் மட்டும் கரகரக்கும், வால்வை லேசாக அசைத்தால் நிற்கும். உடனே வால்வு போச்சு என்று புதிதாக வாங்காதீர்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்லிடுக்கு பிரஷ்ஷை சாக்கெட் துளையில் விட்டுத் துடைத்து, தளர்ந்த இதழ்களை ஊசியால் மெல்ல நெருக்கினால் போதும். வால்வின் தலையில் உள்ள வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் அது செத்த வால்வு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற ஊர், வருஷத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்வதில் நஷ்டமில்லை. குலசேகரம் பக்கம் உப்பு இல்லை, ஈரம் மட்டும்தான்.

டர்ன்டேபிளிலிருந்து வரும் கேபிளைச் சின்னதாக வையுங்கள். 12ஏஎக்ஸ்7இன் முதல் நிலை தானாகவே நூறு பிகோஃபாரடுக்கு மேல் கெப்பாசிட்டன்ஸ் காட்டும். நீளக் கேபிளும் சேர்ந்தால் 300ஐத் தாண்டும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசை கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லியிருப்பது 100 முதல் 200 வரை. மீறினால் வயலின் காதைக் குத்தும். ஒழுகினசேரி தந்த கலைவாணரின் 78 சுழற்சித் தட்டுகள் வீட்டில் இருந்தால், இந்தப் பெட்டி அவற்றுக்கானது அல்ல: ஊசியும் வேறு, சமன்படுத்தலும் வேறு.

ஆகவே குளச்சல்காரருக்குப் பதில்: வேண்டாம். அந்த விலைக்கு நல்ல ஐசி ப்ரீ-ஆம்ப் கிடைக்கும், உப்புக்கும் வோல்டேஜுக்கும் பயப்படாது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் என்றால் வாங்கலாம், பாகங்களையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். "அப்போ உங்களோடத எனக்குக் குடுத்திருங்களேன்" என்றும் கேட்டிருந்தார். அது நடக்காது.