நால்வர் கூடாரம், மூவருக்குத் தாராளம்

ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்கள் நாங்கள் நால்வரும் இரண்டு நாள் மலையேறப் போவோம். இந்த முறை கூடாரம் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உறையில் 'நான்கு பேருக்கு' என்று அச்சிட்டிருந்ததை நம்பினேன். நான்கு பேர் படுக்கலாம், உண்மைதான். ஆனால் ஒருவர் புரண்டால் மற்ற மூவரும் புரள வேண்டும். முதுகுப்பைகள் இரவெல்லாம் வெளியே கிடந்தன.

மழை விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். வெளித்துணி 3000 மி.மீ. வகை, அதாவது 3 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம்வரை கசியாது. இரண்டு மணி நேரம் கொட்டியும் தையல்களில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனாலும் விடியலில் தூக்கப்பைகள் ஈரம். கூடாரம் ஒழுகிவிட்டதென்று மூவரும் என்னை முறைத்தார்கள். அது மழையல்ல, எங்கள் மூச்சு! மூச்சிலிருந்த ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருக்கிறது. மேலிருந்த காற்றுத் திறப்பைக் குளிருக்குப் பயந்து மூடியவன் யார் என்ற பேச்சை நான் எடுக்கவில்லை, நானேதான்.

அலுமினியக் கம்பிகள் அருமை, பத்து நிமிடத்தில் கூடாரம் எழுந்து நிற்கிறது. முளைகள்தான் படுமட்டம், பாறைத் தரையில் இரண்டு வளைந்துபோயின. தடித்த முளைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உலர்த்திய பிறகே மடியுங்கள்.

அடுத்த ஆண்டும் இதே கூடாரம்தான். குறட்டை விடுபவனுக்கு மட்டும் தனியாக ஒன்று.