நத்தாருக்குக் கொழும்பு: கோட்டையா, வெள்ளவத்தையா?

திருகோணமலையில் மார்கழி மழை. பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. இரவு ரயில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டை. சரி, எங்கே தங்குவது?

கோட்டைப் பக்கம் என்றால் பெட்டியோடு அலைச்சல் இல்லை. புறக்கோட்டைக் கடைகள், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், காலிமுகத்திடல் எல்லாம் கிட்ட. பொழுதுபட்டால் திடலில் சுடச்சுட இறால் வடை. அறை வாடகைதான் கையைக் கடிக்கும்.

வெள்ளவத்தையில் தமிழிலேயே காரியம் முடியும். காலையில் இடியப்பம், சொதி. சமையலறையோடு நாள் வாடகை வீடும் கிடைக்கும். கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அது பெரிய உதவி. காலி வீதி நெரிசலா? கடலோர ரயிலில் கோட்டைக்குப் போய்விடலாம்.

அப்பம்மாவும் வருகிறா என்றால் யோசிக்கவே வேண்டாம், வெள்ளவத்தைதான். கொச்சிக்கடையில் நள்ளிரவுப் பூசை பார்க்க நினைப்பவர்கள் மட்டும் அந்த ஒரு இரவுக்குக் கோட்டையில் அறை எடுக்கலாம்.