குறைந்த பட்ஜெட் கேமிங் சிஸ்டம்: எதில் மிச்சம் பிடிப்பது, எதில் போடுவது

அக்கா பையன் காலேஜ் சேர்ந்த கையோடு கேமிங் சிஸ்டம் கேட்டான். அக்கா ஒதுக்கியது 55 ஆயிரம். மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது: 1080பி, 75 ஹெர்ட்ஸ். விளையாடுவது வேலரன்ட்டும் ஜிடிஏ 5-உம். ஆசை மட்டும் புதிதாக வருகிற எல்லாவற்றின் மேலும். வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், மொட்டை மாடி ஏறினால் கடல் தெரியும். இந்தக் கடைசித் தகவல் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

யூடியூப் ஒப்பீடுகளில் பிராசஸருக்குப் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கார்டு என்று தனித்தனியாக மோதவிடுகிறார்கள். கையில் பணம் அளவாக இருப்பவருக்கு அது பாதிதான் உதவும். ஒன்றில் மிச்சமாகும் மூவாயிரம் ரூபாய் இன்னொன்றில் எதை வாங்கித் தரும் என்றுதான் நாங்கள் இருவரும் நான்கு நாள் கணக்குப் போட்டோம்.

பிராசஸரில் எதிரெதிரே நின்றவை இரண்டு. இன்டெல் கோர் ஐ3-12100எஃப், 4 கோர் (உள்ளே வேலை செய்யும் மூளைகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). ஏஎம்டி ரைசன் 5 5600, 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி). இரண்டும் 2022-இல் வந்தவை. ஐ3-ஐ மட்டமாகப் பேச மாட்டேன். அதுவும் விலை குறைவு, அதற்கான எச்610 மதர்போர்டும் மலிவு, வேலரன்ட்டுக்கு அந்த நான்கு கோரே தாராளம். ஆனால் நம் பையன்கள் கேமை மட்டுமா ஓட்டுகிறார்கள்? டிஸ்கார்ட் ஒரு பக்கம், குரோமில் பத்து டேப், நடுவில் ரெக்கார்டிங். கனமான கேம்களில் ஐ3 சராசரி ஃப்ரேம் நன்றாகவே காட்டும். இடையிடையே வெட்டி வெட்டி இழுக்கும். ஆறு கோர் இருந்தால் அந்த இழுவை குறையும். 5600-க்கே போனோம்.

கடையில் ரைசன் 5 5500-ஐயும் எடுத்து வைப்பார்கள். "இதுவும் ஆறு கோர்தான் சார், விலை கம்மி." கோர் அதேதான். கேஷ் பாதி, 16 எம்பி. பிசிஐஇ (பிராசஸரும் கார்டும் பேசிக்கொள்ளும் பாதை) 4.0 இல்லை, 3.0 மட்டும். இந்த இரண்டாவது விஷயம் கார்டு வாங்கும்போது கடிக்கும். இன்னொன்று, பெட்டி இல்லாமல் வரும் ட்ரே பீஸ். கூலர் வராது, வாரண்டி யாருடையது, கம்பெனியுடையதா கடையுடையதா என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

"ஏஎம்4 செத்துப்போன சாக்கெட் மாமா, ஏஎம்5 வாங்கலாம்" என்றான் பையன். வாஸ்தவம். சாக்கெட் என்றால் போர்டில் பிராசஸர் உட்காரும் இடம், 5600 உட்காருவது ஏஎம்4-இல். ஏஎம்4 போர்டில் ரைசன் வந்தது 2017-இல், அதன் காலம் முடிந்துவிட்டது. இன்டெல் பக்கமும் எல்ஜிஏ1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு நின்றது. ஏஎம்5-க்குத்தான் இன்னும் வாழ்வு. ஆனால் அதில் ராமில் புதிய வகையான டிடிஆர்5 மட்டும்தான் போட முடியும். 2025 கடைசியில் மெமரி கம்பெனிகள் ஏஐ சர்வர் பக்கம் திரும்பியதில் ராம் விலை ஏறிய ஏற்றம் தெரியும்தானே? ஏஎம்4-இல் போடும் டிடிஆர்4-உம் ஏறியது. ஆனால் டிடிஆர்4 செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறது, பழையதாக தைரியமாக வாங்கக்கூடிய பாகமும் ராம்தான். சுழல்கிற பாகம் கிடையாது, ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட விட்டால் கெட்டதா நல்லதா என்று தெரிந்துவிடும். 8 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்கினோம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டால் மெமரி பாதை பாதியாகிவிடும், 5600 அதைத் தாங்காது.

இனி கார்டு. பையன் என்விடியா ஸ்டிக்கர் வேண்டும் என்றான், நண்பர்கள் எல்லோரும் அதுதான் வைத்திருக்கிறார்களாம். நம் விலைக்குள் வருவது ஆர்டிஎக்ஸ் 3050. இந்தப் பெயரில் இரண்டு கார்டு உண்டு. 2022-இல் வந்தது 8 ஜிபி மெமரி, 128 பிட் (மெமரிப் பாதையின் அகலம்). 2024-இல் வந்தது 6 ஜிபி, 96 பிட், கோரும் குறைவு. பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதற்கு எதிரே ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, 128 பிட், 132 வாட். 1080பி-யில் இது 8 ஜிபி 3050-ஐயே தெளிவாகத் தாண்டும். 6 ஜிபி கார்டு பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் 6 ஜிபி 3050 வீணா? இல்லை. 70 வாட்தான் இழுக்கும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம். ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய டெஸ்க்டாப் ஒன்று வீட்டில் கிடந்தால், அதில் செருகிவிட்டு விளையாட இதைவிட நல்ல கார்டு இல்லை. பிளெண்டர் (3டி வரையும் மென்பொருள்) கற்கிறவருக்கும் என்விடியாதான் சௌகரியம், டிஎல்எஸ்எஸ்-உம் (சிறிய படத்தை ஏஐ பெரிதாக்கி ஃப்ரேமைக் கூட்டும் வசதி) பார்க்க நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் பழைய டெஸ்க்டாப்பும் இல்லை, பையனுக்கு பிளெண்டரும் தெரியாது.

மூன்றாவதாக ஓஎல்எக்ஸில் ஆர்எக்ஸ் 580. விலையைப் பார்த்தால் கை அரிக்கும். 2017-இல் வந்தது, 185 வாட் குடிக்கும், பல கார்டுகள் கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக உழைத்து ஓய்ந்தவை. "2048எஸ்பி" என்று ஒரு வகை உண்டு, பெயர்தான் 580, உள்ளே கிட்டத்தட்ட 570. ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடுவது) வன்பொருளும் இல்லை. 2025-இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரி அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள் இதில் திறக்கவே திறக்காது. வேலரன்ட் மட்டும்தான் ஆடுவேன் என்று சத்தியம் செய்பவர் வாங்கலாம்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு பக்கம் போகவே வேண்டாம். 4 ஜிபி, அதுவும் பிசிஐஇ பாதையில் நான்கே லேன் (தடம்). மேலே சொன்ன 5500-ஓடு சேர்த்தால் 3.0 வேகத்தில் நான்கு லேன், மூச்சுத் திணறும். 6600-க்கு எட்டு லேன் இருப்பதால் 5500-இலும் இழப்பு கொஞ்சம்தான். ஆக, பிராசஸரில் மிச்சம் பிடித்துவிட்டு எந்தக் கார்டிலும் கை வைக்கலாம் என்பது நடக்காது. 6600-ஐ எடுத்தோம். பையன் முகம் ஒரு நாள் வாடியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கடலுக்கு வருகிறேன். பல வருடம் முன்பு நான் முதன்முதலில் அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்-தான் (சிஸ்டத்துக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) போட்டேன். "500 வாட்" என்று ஸ்டிக்கர். ஒரு மழைக்கால ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது பட்டாசு மாதிரி ஒரு சத்தம். எஸ்எம்பிஎஸ் போனதோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. அன்றிலிருந்து நான் எந்த லிஸ்ட்டையும், கடைசியில் நிற்கும் எஸ்எம்பிஎஸ்-இல் தொடங்கி, கீழிருந்துதான் படிக்கிறேன்.

கணக்கு எளிது. கார்டு 132 வாட், பிராசஸர் அதிகபட்சம் 76, மற்றதெல்லாம் சேர்த்து 50 என்று வைத்தாலும் 260 தாண்டாது. ஆகவே 650 வாட் மட்டமானதா, 450 வாட் நல்லதா என்ற போட்டியில் யோசிக்கவே வேண்டாம், 450-தான். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையை மட்டும் நம்புவதும் தப்பு. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவுகோல். ஷார்ட் ஆனால் தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பது அதில் வராது. எத்தனை வருட வாரண்டி என்று பாருங்கள். ஐந்து வருடம் தருபவன் உள்ளே கெப்பாசிட்டரை ஒழுங்காகப் போட்டிருப்பான்.

கரண்ட் போன நொடியில், சேர்த்து வைத்ததைக் கொடுத்துத் தாங்கும் அந்தக் கெப்பாசிட்டர்தான் கடலோரமான நம் ஊரில் முக்கியம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. இன்வெர்ட்டர் இங்கே ஆடம்பரமே இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் கைக்கு மாறும் அந்தக் கண்ணிமைப்பில் நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும், மட்டமானது ரீஸ்டார்ட் ஆகிவிடும். உங்கள் இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் மோடு என்று ஸ்விட்ச் இருந்தால் அதில் போடுங்கள், சீக்கிரம் மாறும். இதற்காகத் தனி யூபிஎஸ் வாங்க நினைத்திருந்த பணம் எங்களுக்கு அப்படியே மிஞ்சியது.

எங்கே வாங்குவது? ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முன்பு வரி குறைவு என்று பாண்டிக்குப் பஸ் ஏறுவோம். இப்போது இரண்டு பக்கமும் 18 சதவீதம். சென்னை ரிச்சி தெருவில் பேரம் படியும், ஆனால் ஒரு நாள் போகும், கார்டில் கோளாறு என்றால் இன்னொரு நாள் போகும். எஸ்எஸ்டி, ராம் எல்லாம் ஆன்லைனில் வந்தால் போதும். கார்டும் போர்டும் மட்டும் பாண்டியில் வாங்கினோம், ஒரு மணி நேரத்தில் போய் நின்று கேட்கலாம். 5600-இல் உள்ளே டிஸ்ப்ளே கிடையாது, கார்டு வாரண்டிக்குப் போனால் சிஸ்டமே கறுப்பு. அதற்காகப் பரணில் கிடந்த ஜிடி 710 என்ற பழைய கார்டு ஒன்றைத் துடைத்து அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

கேபினட்டில் கடைசிச் சண்டை. அவனுக்கு முன்பக்கம் கண்ணாடி, எனக்கு முன்பக்கம் வலை. உப்புக் காற்றில் என் பழைய கேபினட்டின் ஸ்க்ரூ எல்லாம் இரண்டே வருடத்தில் துரு ஏறியதைக் கழற்றிக் காட்டினேன். கண்ணாடி போட்டால் துரு ஏறாதா என்று திருப்பிக் கேட்டான். ஏறும்தான். ஆனால் உள்ளே சூடும் ஏறும் என்றேன். வலை வைத்த கேபினட், கழற்றிக் கழுவும் ஃபில்டர், கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் மேசை என்று முடிந்தது. யூபிஎஸ்ஸில் மிஞ்சியதில் கலர் கலராக மின்னும் ஃபேன் மூன்று வாங்கிக்கொண்டான்.